மாதம் 300 கட்டணம்: தானியங்கி இணைப்புக்கு எந்தக் கருவியை எடுப்பது?

ஒரு டியூஷன் சென்டரை எடுத்துக்கொள்வோம். 300 மாணவர்கள், மாதக் கட்டணம் ரூ. 2,500, கட்டுவது ரேஸர்பே என்ற இணையக் கட்டணச் சேவையின் லிங்க் வழியே. ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் அலுவலகத்துக்கு மூன்று வேலை. கூகுள் ஷீட்டில் ஒரு வரி ஏற்ற வேண்டும். நடத்துபவருக்கு டெலிகிராமில் சொல்ல வேண்டும். எந்த பேட்ச், அடுத்த தவணை எப்போது என்று பெற்றோருக்கு மின்னஞ்சல் போக வேண்டும். மாதத்தின் முதல் வாரத்தில் பாதிக்கு மேல் வந்து குவியும். கையால் ஏற்றினால் எங்கேயாவது ஒரு பெயர் விட்டுப்போகும். கட்டியவரிடமே மறுபடி கேட்டு, நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ள நேரும்.

நிரல் எழுதாமலே இதை இணைக்க ஜாப்பியர், மேக், என்-எயிட்-என், பவர் ஆட்டோமேட், ஜோஹோ ஃப்ளோ, பாப்ளி கனெக்ட் என்று ஒரு வரிசையே இருக்கிறது. ஒப்பிடும்போது பலரும் முதலில் பார்ப்பது 'எத்தனை ஆயிரம் ஆப்களோடு சேரும்' என்ற விளம்பர எண்ணை. நமக்கு வேண்டியது மூன்று நான்கு ஆப்தான்; நேரடி இணைப்பு இல்லாவிட்டாலும் வெப்ஹூக் (ஒரு நிகழ்வு நடந்ததும் ஓர் ஆப் குறிப்பிட்ட முகவரிக்குத் தானே அனுப்பும் செய்தி) இருந்தால் சமாளித்துவிடலாம். உண்மையில் கேட்க வேண்டியவை இரண்டு: மீட்டர் எதை எண்ணுகிறது? உடைந்தால் யாருக்கு, எப்படித் தெரியவரும்?

அதற்கும் முன்னால், இருக்கிற ஆப்களே இதைச் செய்கின்றனவா என்று பாருங்கள். பணம் கட்டியவருக்கு ரேஸர்பேயே ரசீது மின்னஞ்சல் அனுப்பும். கூகுள் ஃபார்மில் புதிய பதில் வந்தால் மின்னஞ்சல் அனுப்பச் சொல்ல ஒரு டிக் போதும். மாதம் இருபது முப்பது கட்டணம்தான் வருகிறது என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். கீழே வருவதெல்லாம் அதைத் தாண்டியவர்களுக்கு.

மீட்டர் எதை எண்ணுகிறது

ஜாப்பியர் எண்ணுவது 'டாஸ்க்'. பணம் வந்தது என்ற தூண்டுதலுக்குக் கணக்கில்லை. வெற்றியாக முடிந்த ஒவ்வொரு செயலும் ஒரு டாஸ்க். வடிகட்டுதல், தேதி வடிவம் மாற்றுதல் போன்ற உள்வேலைகளுக்குக் கட்டணம் இல்லை. நம் கணக்கில் 300 × 3 = 900. இலவசத் திட்டத்தில் மாதம் 100 டாஸ்க், அதுவும் ஒரு தூண்டுதல், ஒரு செயல் என்ற இரண்டு படிகளுக்கு மட்டும். வெப்ஹூக்கும் கட்டணத் திட்டத்தில்தான். கட்டணத் திட்டம் 750 டாஸ்க்கில் தொடங்குகிறது, ஆண்டுச் சந்தாவில் மாதம் 20 டாலரை ஒட்டி. 900 அதில் அடங்காது, அடுத்த படிக்குத்தான் போக வேண்டும்.

மேக், பழைய பெயரில் இன்டிகிரோமாட், ஒவ்வொரு பெட்டியும் (இணைப்பின் ஒரு படி) ஒருமுறை ஓடுவதை எண்ணுகிறது. 2025 ஆகஸ்டில் இதற்கு 'கிரெடிட்' என்று பெயர் மாற்றினார்கள். சாதாரணப் பெட்டிக்கு ஒரு ஓட்டம், ஒரு கிரெடிட். இங்கே தூண்டுதலுக்கும் கணக்கு உண்டு. ஆக 300 × 4 = 1,200. இலவச அளவு 1,000, மயிரிழையில் தவறுகிறது. கட்டணத் திட்டத்தில் மாதம் சுமார் 9 டாலருக்கு 10,000 கிடைக்கும்.

மேக்கில் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் வேறு. ஆட்டோவில் வெயிட்டிங் சார்ஜ் போல, வேலை இல்லாதபோதும் மீட்டர் ஓடும். வெப்ஹூக் வைக்காமல், 'ஷீட்டில் புது வரி இருக்கிறதா பார்' என்று 15 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டால் நாளுக்கு 96 முறை பார்க்கும். ஒன்றுமே இல்லையென்றாலும் ஒவ்வொரு பார்வைக்கும் ஒரு கிரெடிட். மாதத்துக்கு 2,880. இலவச 1,000 பதினோராம் நாளில் தீர்ந்துபோகும், ஒரு கட்டணம்கூட வராமலே. எனவே மேக் என்றால் வெப்ஹூக்கோடுதான் தொடங்க வேண்டும்.

என்-எயிட்-என் எண்ணுவது முழு ஓட்டத்தை. உள்ளே நான்கு பெட்டி இருந்தாலும் நாற்பது இருந்தாலும் ஒன்றுதான். நம் வேலைக்கு 300. அவர்களுடைய கிளவுடில் தொடக்கத் திட்டம் 2,500 ஓட்டங்கள். சொந்த சர்வரில் நிறுவினால் எண்ணிக்கையே இல்லை. வித்தியாசம் பெரிதாகத் தெரிவது நினைவூட்டல் அனுப்பும்போது. பத்தாம் தேதி கட்டாத 60 பேரைத் தேடி மின்னஞ்சல் அனுப்பினால் மேக்கில் ஏறக்குறைய 61, ஜாப்பியரில் குறைந்தது 60, என்-எயிட்-என்னில் 1.

பவர் ஆட்டோமேட்டுக்கு மீட்டர் ஆளுக்கு. மைக்ரோசாஃப்ட் 365 ஏற்கெனவே வாங்கியிருந்தால் அவுட்லுக், எக்செல், டீம்ஸ், ஷேர்பாயின்ட் இணைப்புகள் அதிலேயே அடங்கும். விடுப்பு அனுமதி, பில் ஒப்புதல் மாதிரியான அலுவலக வேலைக்கு இதை அடிக்க ஆளில்லை. ஆனால் வெளியிலிருந்து வெப்ஹூக் வாங்கும் பெட்டி 'பிரீமியம்' பட்டியலில் இருக்கிறது. ஒரு ஆளுக்கு மாதம் 15 டாலர் உரிமம் வேண்டும். நம் சென்டர் கூகுளில் இருப்பதால் இதை இங்கேயே விட்டுவிடலாம்.

ஜோஹோ ஃப்ளோவையும் பாப்ளியையும் சேர்த்தே சொல்லிவிடலாம். முன்னது சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவுடையது, பின்னது போபாலிலிருந்து வருவது. ஜோஹோ புக்ஸில் கணக்கு எழுதுபவர், அதுவும் ஜோஹோ ஒன் என்ற மொத்தச் சந்தா வைத்திருப்பவர், ஃப்ளோவை விட்டுவிட்டு வேறு எங்கும் போகத் தேவையில்லை. அது அந்தச் சந்தாவிலேயே இருக்கிறது. ஜிஎஸ்டி பில்லோடு ரூபாயில் கட்டலாம். பாப்ளியில் தூண்டுதலுக்கும் வடிகட்டலுக்கும் எண்ணிக்கை இல்லை, நம் கணக்கு அங்கேயும் 900.

ரூபாயில் கட்டுவது சின்ன விஷயம் இல்லை. 2021 அக்டோபர் முதல் ரிசர்வ் வங்கியின் தொடர்பற்று விதி (மாதாமாதம் தானாகப் பணம் எடுப்பதற்கான விதி) கார்டுகளுக்கு முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்துக்கு மாதச் சந்தா எல்லாக் கார்டிலும் தானாகப் பிடிபடுவதில்லை. ஏதோ ஒரு மாதம் கார்டு மறுக்கப்படும், திட்டம் இலவச நிலைக்கு இறங்கும், மூன்று படி இணைப்பு சத்தமில்லாமல் நிற்கும். டாலர் கருவி எடுத்தால் ஆண்டுச் சந்தாவாகக் கட்டி, புதுப்பிக்கும் தேதியை நாள்காட்டியில் குறித்துவையுங்கள். அந்நியச் செலாவணிக்கு வங்கி எடுக்கும் கட்டணத்தையும் அதற்கு மேல் ஜிஎஸ்டியையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு கட்டணம் எப்படி வருகிறது

எந்தக் கருவியானாலும் ரேஸர்பேயிலிருந்து வரும் பொட்டலம், அதாவது வெப்ஹூக் சுமந்துவரும் தகவல், ஒன்றுதான். அதில் நான்கு இடங்களைக் கவனித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

தொகை பைசாவில் வரும். ரூ. 2,500 கட்டினால் 250000 என்று இருக்கும். நூறால் வகுக்காமல் டெலிகிராமுக்கு அனுப்பினால் இரண்டரை லட்சம் வந்ததாக நடத்துபவருக்குச் செய்தி போகும். இதாவது முதல் நாளே தெரிந்துவிடும்.

நேரம் அப்படியில்லை. 1759261200 என்பதுபோல், 1970 தொடக்கத்திலிருந்து எண்ணும் வினாடிக் கணக்கில் வரும். இந்த எண் இந்திய நேரப்படி 2025 அக்டோபர் 1, அதிகாலை 1.10. உலக நேரத்தில் மாற்றினால் செப்டம்பர் 30, இரவு 7.40. நேர மண்டலம் குறிப்பிடாமல் தேதியாக்கினால் அக்டோபர் கட்டணம் செப்டம்பர் கணக்கில் உட்காரும். இரவு 12 முதல் காலை 5.30 வரை வருபவை மட்டும்தான் தப்பாகும் என்பதால் மாதக்கணக்கில் யாரும் கவனிக்கமாட்டார்கள். தேதி மாற்றும் பெட்டியில் 'ஏசியா/கொல்கத்தா' என்று மண்டலத்தைக் கொடுங்கள். ஷீட்டின் அமைப்பிலும் நாட்டை இந்தியா என்று மாற்றுங்கள். அமெரிக்கா என்றே இருந்தால் 03/04 மார்ச் 4 ஆகிவிடும்.

தொலைபேசி எண் +91 என்று தொடங்கும். ஷீட் அதைக் கணக்கு என்று நினைத்து + குறியைத் தின்றுவிடும். மேக்கில் மதிப்பை 'ரா' (வந்தபடியே) முறையில் எழுதச் சொல்லலாம். என்-எயிட்-என்னிலும் அப்படி ஓர் அமைப்பு இருக்கிறது. ஜாப்பியரில் எண்ணுக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.

நான்காவது, மாணவர் பெயர். பொட்டலத்தில் இருப்பது கட்டியவரின் எண்ணும் மின்னஞ்சலும்தான். அப்பாவின் எண்ணிலிருந்து அண்ணனுக்கும் தங்கைக்கும் கட்டணம் வந்தால் எது யாருடையது? லிங்க் உருவாக்கும்போதே 'நோட்ஸ்' பகுதியில் சேர்க்கை எண்ணைப் போட்டுவிடுங்கள். வெப்ஹூக் அமைப்பில் 'பேமெண்ட் லிங்க் பெய்ட்' என்ற நிகழ்வை மட்டும் தேர்ந்தெடுங்கள். 'பேமெண்ட் கேப்சர்ட்'டையும் சேர்த்து டிக் செய்தால் ஒரே பணத்துக்கு இரண்டு செய்தி வரும்.

ஒரே பணம் இரண்டு முறை

ஒரு நிகழ்வு மட்டும் தேர்ந்தெடுத்தாலும் இரட்டைப் பதிவு வரும். ரேஸர்பே 5 வினாடிக்குள் 'கிடைத்தது' என்ற பதிலை எதிர்பார்க்கிறது. வராவிட்டால் 24 மணி நேரம் வரை இடைவெளி விட்டு மறுபடி மறுபடி அனுப்பும். இது கோளாறு இல்லை, செய்தி தொலையக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. வாங்குகிற நாம்தான் இரண்டாவதைத் தள்ள வேண்டும்.

வழி எளிது. வரி ஏற்றுவதற்கு முன் கட்டண அடையாள எண்ணை ஷீட்டில் தேடுங்கள், இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இந்தத் தேடலுக்கும் மீட்டர் ஓடும்: ஜாப்பியர் 900-லிருந்து 1,200, மேக் 1,200-லிருந்து 1,500, என்-எயிட்-என் அதே 300. மேக்கில் ஓட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக நடத்தும் அமைப்பையும் போட்டுவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு செய்தி ஒரே வினாடியில் வரும்போது இரண்டுமே 'இல்லை' என்று கண்டு இரண்டு வரி ஏற்றும்.

என்-எயிட்-என்னின் வெப்ஹூக் பெட்டியில் எப்போது பதில் சொல்வது என்று ஒரு தேர்வு இருக்கும். 'உடனே' என்பதுதான் இயல்பு. அதைக் 'கடைசிப் பெட்டி முடிந்ததும்' என்று மாற்றினால் ஷீட், டெலிகிராம், மின்னஞ்சல் மூன்றும் முடிய 5 வினாடி தாண்டும், இரட்டைப் பதிவை நாமே வரவழைத்துக்கொள்வோம்.

'கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் பத்துப் பதினைந்து வரி எழுதினால் இலவசம்தானே?' என்று யாராவது சொல்வார்கள். ஷீட்டுக்குள் முடியும் வேலைக்குச் சரி. ரேஸர்பே வெப்ஹூக்குக்கு வேண்டாம். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் வழக்கமாகத் தரும் பதில் வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பதில். ரேஸர்பே அதைத் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்பும். அனுப்பியது ரேஸர்பேதான் என்பதற்கான கையொப்பம் வரும் தலைப்பு வரிகளையும் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நமக்குக் காட்டாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் அது நாளுக்கு 100 பேருக்குத்தான் மின்னஞ்சல் அனுப்பும், முதல் வாரத்தில் அது பற்றாமல் போகலாம்.

கையொப்பம் ஏன் முக்கியம் என்றால், வெப்ஹூக் முகவரி தெரிந்த யாரும் 'பணம் வந்தது' என்று போலிச் செய்தி அனுப்பிவிட முடியும். மேக்கிலும் என்-எயிட்-என்னிலும் அதைச் சரிபார்க்கும் வசதி இருக்கிறது. சிரமமாகத் தோன்றினால், வந்த அடையாள எண்ணை வைத்து ரேஸர்பேயிடமே 'இது உண்மையா' என்று கேட்கும் ஒரு பெட்டியைச் சேருங்கள்.

உடையும்போது

இணைப்புகள் பெரும்பாலும் கருவியால் உடைவதில்லை, ஷீட்டில் யாரோ கைவைப்பதால் உடைகின்றன. ஜாப்பியரும் மேக்கும் நெடுவரிசையை ஏ, பி, சி என்ற எழுத்தை வைத்து நினைவில் கொள்கின்றன. நடுவில் ஒருவர் 'குறிப்பு' என்று ஒரு நெடுவரிசையைச் செருகினால் தொகை போக வேண்டிய இடத்தில் தொலைபேசி எண் உட்காரும், பிழை என்று எதுவும் காட்டாது. என்-எயிட்-என் தலைப்பின் பெயரை வைத்துப் பார்க்கிறது. பெயர் மாறினால் கத்திக்கொண்டு நின்றுவிடும். சத்தம் போட்டு நிற்பதே மேல். எதுவானாலும், தானியங்கி எழுதும் தாளைப் பூட்டிவிட்டு, வடிகட்டலும் வண்ணமும் வேண்டியவர்களுக்கு இரண்டாவது தாளில் அதைக் காட்டுங்கள்.

டெலிகிராமில் இன்னொரு விசித்திரம். செய்தியை மார்க்டவுன் (குறிகளால் எழுத்தை வடிவமைக்கும்) முறையில் அனுப்பினால், மின்னஞ்சல் முகவரியில் ஒற்றை அடிக்கோடு இருந்தாலே சாய்வெழுத்து தொடங்குவதாக எடுத்துக்கொண்டு, முடிவைக் காணோம் என்று மறுத்துவிடும். அடிக்கோடு இல்லாத 280 பேரின் கட்டணத்துக்குச் செய்தி ஒழுங்காகப் போகும், 20 பேருடையதற்கு மட்டும் போகாது. காரணம் கண்டுபிடிக்க ஒரு பகல் போய்விடும். வடிவமைப்பு எதுவும் இல்லாமல் வெறும் எழுத்தாக அனுப்புங்கள். என்-எயிட்-என் தன் பெயரைச் செய்தியின் கீழே ஒட்டி அனுப்பும், அதை அணைக்கும் சுவிட்சும் அங்கேயே இருக்கிறது.

தோல்வியை எப்படி நடத்துகின்றன என்பதில் மூன்றும் மூன்று குணம். ஏழு நாளில் 95 விழுக்காட்டுக்கு மேல் ஓட்டங்கள் தோற்றால் ஜாப்பியர் அந்த இணைப்பை அணைத்துவிட்டு மின்னஞ்சல் அனுப்பும். மேக் இயல்பு அமைப்பில் மூன்று தொடர் தோல்வி வரை பொறுக்கும். வெப்ஹூக்கில் தொடங்கும் இணைப்புக்கு அந்தப் பொறுமையும் கிடையாது, முதல் பிழையிலேயே நிறுத்திவிடக்கூடும். அதனால் ஷீட் பெட்டிக்குப் பிழைக் கையாளி வைத்து, 'பிரேக்' (பிழை வந்த ஓட்டத்தை ஒதுக்கிவைக்கும்) தேர்வைக் கொடுத்து, முடியாத ஓட்டங்களைச் சேமிக்கும் அமைப்பைப் போடுவது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என்-எயிட்-என் பேசாமல் பட்டியலில் சிவப்பாகக் காட்டிவிட்டு இருந்துவிடும். தனியாக ஒரு பிழை இணைப்பு அமைத்து டெலிகிராமுக்குத் திருப்பினால்தான் உங்களுக்குத் தெரியவரும்.

சொந்த சர்வர் என்னும் ஆசை

'எண்ணிக்கையே இல்லை, இலவசம்' என்பது என்-எயிட்-என் மேல் எல்லாருக்கும் ஆசையை உண்டாக்கும். உரிமத்துக்குக் காசு இல்லை என்பது உண்மை. ஆள் வேண்டும் என்பதும் உண்மை. 2 ஜிபி நினைவகம் உள்ள ஒரு வாடகை சர்வர், என்-எயிட்-என்னை அதில் ஓட்டும் டாக்கர் மென்பொருள், ஒரு டொமைன் (இணைய முகவரி), அதற்கு எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வேண்டும். நிறுவியதும் செய்ய வேண்டிய மூன்று: இயல்பு நேர மண்டலம் நியூயார்க் என்று இருக்கும், அதைக் கொல்கத்தாவாக்குங்கள். குறியாக்கச் சாவியை சர்வருக்கு வெளியே எழுதிவையுங்கள். அது தொலைந்தால் காப்புப் பிரதி இருந்தும் கடவுச்சொற்களைத் திறக்க முடியாது. தரவுக் கோப்புறையைத் தினமும் வேறிடத்துக்கு நகலெடுங்கள்.

நிறுவிய எட்டாம் நாள் கூகுள் இணைப்பு அறுந்தால் பதற வேண்டாம். கூகுள் கிளவுடில் நீங்கள் உருவாக்கிய ஆப் 'டெஸ்டிங்' நிலையில் இருந்தால் அனுமதி ஏழு நாளில் காலாவதியாகும். அதைப் 'புரொடக்ஷன்' நிலைக்கு மாற்றி மறுபடி இணையுங்கள். ஒர்க்ஸ்பேஸ் கணக்காக இருந்தால் 'இன்டர்னல்' என்று வைத்தாலே போதும். ஜாப்பியரிலும் மேக்கிலும் இந்தத் தலைவலியை அவர்களே சுமக்கிறார்கள். சந்தாவில் ஒரு பங்கு அதற்குத்தான்.

சொந்த சர்வருக்கு ஒரு நல்ல காரணம் உண்டு: பிள்ளைகளின் விவரம் இடையில் இன்னொரு நிறுவனத்தின் கைக்குப் போகாது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழானவர்களின் தகவலுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. எந்தக் கருவியானாலும் மதிப்பெண், முகவரியை இந்தக் குழாயில் விடாமல் சேர்க்கை எண்ணை மட்டும் அனுப்புவது நல்லது.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்பீர்கள். பெற்றோருக்கு மின்னஞ்சலைவிட அதுதான் எட்டும். அதிகாரபூர்வ வழி மெட்டாவின் கிளவுட் ஏபிஐ (மற்ற மென்பொருள் வழியே செய்தி அனுப்பும் வாசல்): செய்தி வார்ப்புருவுக்கு (முன்பே எழுதிவைத்த மாதிரிக்கு) முன் அனுமதி வேண்டும், 2025 ஜூலை முதல் வார்ப்புருச் செய்திக்கு ஒவ்வொன்றாகக் கட்டணம். கியூஆர் காட்டி சாதாரண எண்ணை இணைத்துத் தருகிறோம் என்கிற மலிவு வழி வேண்டாம். எண் முடக்கப்பட்டால் பத்து வருடத் தொடர்பும் அதோடு போகும். எஸ்எம்எஸ் என்றால் டிஎல்டி பதிவு (வணிகச் செய்தி அனுப்புவோருக்கான தொலைத்தொடர்புப் பதிவு) வேறு.

எதை எடுப்பது

இந்த சென்டருக்கு மேக்தான் என் தேர்வு. இரட்டைப் பதிவுத் தேடலையும் நினைவூட்டலையும் சேர்த்து மாதம் 1,600-ஐ ஒட்டி வரும், 10,000-இல் தாராளமாக அடங்கும், சர்வர் பார்க்க ஆள் வேண்டாம். மாதம் 200 கட்டணத்துக்குள், அலுவலகத்தில் கணினி என்றாலே தயங்குபவர்தான் இருக்கிறார் என்றால் ஜாப்பியரின் கூடுதல் விலையைக் கொடுக்கலாம். பிழை எங்கே என்று காட்டுவதில் அது தெளிவு. ஜோஹோ வீட்டிலிருப்பவர் ஃப்ளோ. என்-எயிட்-என், கிளைகள் மூன்று நான்காகி, சர்வர் தெரிந்த ஒருவர் சம்பளத்தில் இருக்கும்போது. தெரிந்த தம்பி ஓய்வு நேரத்தில் பார்த்துக்கொள்வான் என்பதற்காக வேண்டாம். அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்துவிடும்.

எதை எடுத்தாலும் உண்மையான கட்டணத்துக்குத் திறந்துவிடும் முன் நான்கு சோதனை. ரேஸர்பேயின் டெஸ்ட் முறையில் கட்டணம் ஒன்று செலுத்தி, வந்த பொட்டலத்தையே இரண்டாவது முறையும் அனுப்புங்கள். ஷீட்டில் ஒரு வரிதான் இருக்க வேண்டும். மாணவர் பெயரைத் தமிழில் வைத்து, மின்னஞ்சலில் அடிக்கோடு போட்டு ஒன்று. இரவு ஒரு மணிக்கு ஒன்று, மறுநாள் காலை தேதி பாருங்கள். கடைசியாக, சோதனை ஷீட்டில் தானியங்கி எழுதும் தாளை நீக்கிவிட்டு ஒன்று அனுப்பி, கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் காத்திருங்கள். எச்சரிக்கை எதுவும் வரவில்லை என்றால் இணைப்பு இன்னும் தயாராகவில்லை.